கென்ட்ரிக் லமாரின் இரட்டை ஆல்பம்: எங்கள் ஊர் ஏன் இரண்டுபட்டது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த ஓர் இளைஞர் கேட்டிருக்கும் கேள்வி இது: "2024இல் வந்த 'நாட் லைக் அஸ்' பாட்டின் வழியாகத்தான் எனக்கு அமெரிக்க ராப் பாடகர் கென்ட்ரிக் லமார் அறிமுகம். அதே வேகத்தில் அவருடைய 'மிஸ்டர் மொரால் அண்ட் தி பிக் ஸ்டெப்பர்ஸ்' என்ற 2022 இரட்டை ஆல்பத்தைக் கேட்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டேன். என் நண்பர்களில் பாதிப் பேர் அதைக் காவியம் என்கிறார்கள், மீதிப் பேர் நேர விரயம் என்கிறார்கள். இத்தனை ஆண்டுகளாகியும் எங்கள் கார் பட்டறையில் அந்தச் சண்டை ஓயவில்லை. அது நல்ல ஆல்பமா, இல்லையா? ஒரே ஆல்பத்தைக் கேட்டுவிட்டு ஏன் இப்படிப் பிரிந்து நிற்கிறார்கள்?"

தம்பி, வணக்கம். 1996 முதல் 2011 வரை நம் ஊர்ப் பெரிய சாலையில் பாட்டுக் கடை வைத்திருந்தவன் நான். முன்வரிசையில் இளையராஜா, ரகுமான், பக்திப் பாடல்கள். கல்லாவுக்குப் பின்னால் ஒரு தட்டு முழுக்க ராப். அந்தத் தட்டைத் தேடித்தான் தோட்டத்துப் பையன்கள் சம்பள நாளில் மோட்டார் சைக்கிளில் வருவார்கள். கடையை மூடிவிட்டேன், ஆனால் பட்டறைப் பையன்களோடு உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் பழக்கம் என்னை விடவில்லை. நீங்கள் சொல்லும் சண்டை தொடங்கிய இரவில் நானும் அங்கே இருந்தேன்.

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அது நல்ல ஆல்பம். கென்ட்ரிக் செய்தவற்றில் மிகுந்த நெஞ்சுரத்தோடு செய்தது அதுதான் என்பது என் எண்ணம். அதே சமயம், பிடிக்கவில்லை என்று சொல்லும் உங்கள் நண்பர்களை ரசனை இல்லாதவர்கள் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அவர்கள் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்கள். எதற்காகக் கேட்க உட்கார்ந்தார்கள் என்பதில்தான் வேறுபாடு கிடக்கிறது.

அந்த இரவு 2022 மே 13, வெள்ளிக்கிழமை. மே 13 என்றாலே நம் நாட்டுப் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். 1969இல் அதே நாளில் வெடித்த இனக்கலவரத்தை அவர்கள் மறக்கவில்லை. பையன்களுக்கு அன்று அந்த நினைவெல்லாம் இல்லை. தாமானுக்கு, அதாவது எங்கள் குடியிருப்புப் பகுதிக்குப் பின்னால் இருக்கும் கார் பட்டறையில் ஐந்து பேர். ஒரு பழைய புரோட்டான் வீரா கார், நான்கு கதவுகளும் திறந்தபடி, பின்பக்கம் முழுக்க ஒலிபெருக்கி. பிளாஸ்டிக் பைகளில் கட்டி வாங்கிய தே தாரிக் கண்ணாடிக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஐந்து ஆண்டுக் காத்திருப்பு. 2017 ஏப்ரல் 14இல் அவருடைய முந்தைய ஆல்பமான 'டேம்' வந்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் 1,855 நாள்கள். புதிய ஆல்பத்தின் முதல் பாட்டிலேயே கென்ட்ரிக் அந்த எண்ணைச் சொல்கிறார். அவரும் நாள்களை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார் என்று தெரிந்ததும் பையன்கள் கைதட்டினார்கள். அன்று ஐந்து பேரும் சேர்ந்து கைதட்டியது அந்த ஒரு முறைதான்.

அந்த எதிர்பார்ப்பு எவ்வளவு பெரியது என்பதை இன்று 'நாட் லைக் அஸ்' வழியாக வருகிறவர்கள் உணர்வது கடினம். 2012இல் வந்த 'குட் கிட், மேட் சிட்டி' கலிபோர்னியாவின் காம்ப்டன் நகரத் தெருவில் வளர்ந்த ஒரு பையனின் கதையைப் படம் பார்ப்பதுபோல் சொன்னது. 2015இல் வந்த 'டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை' ஜாஸ் கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு கறுப்பின மக்களின் கோபத்தையும் தன் மனச்சோர்வையும் ஒன்றாகப் பிசைந்தது. அதிலிருந்த 'ஆல்ரைட்' பாட்டை ஊர்வலங்களில் மக்கள் முழக்கமாக்கிக்கொண்டார்கள். 2018இல் 'டேம்' ஆல்பத்துக்குப் புலிட்சர் இசைப் பரிசு கிடைத்தது. செவ்வியல் இசையும் ஜாஸும் அல்லாத ஒன்றுக்கு அந்தப் பரிசு போனது அதுவே முதல் முறை. நம் பட்டறைப் பையன்களுக்குப் புலிட்சர் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் 'நம்மைப்போல ஒதுக்குப்புறத்தில் பிறந்தவன் உலகத்தின் மேடையில் ஏறி நமக்காகப் பேசுகிறான்' என்ற பெருமிதம் அவர்கள் நெஞ்சில் ஊறிப்போயிருந்தது.

அப்படிப்பட்டவர் ஐந்து ஆண்டு கழித்து வந்து என்ன செய்தார்? பக்கத்துக்கு ஒன்பதாக இரண்டு பக்கங்களில் 18 பாட்டு, ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றே குறைவு. அதில் தன் காமத்தைச் சொல்கிறார், பொறாமையைச் சொல்கிறார், மனைவியாக வரவிருக்கும் பெண்ணுக்குச் செய்த துரோகத்தைச் சொல்கிறார், மனநல ஆலோசகரிடம் போனதைச் சொல்கிறார். 'சேவியர்' என்ற பாட்டில், உங்களைச் சிந்திக்க வைத்தேன் என்பது உண்மை, ஆனால் உங்களைக் கரையேற்ற வந்தவன் நான் இல்லை என்று வெளிப்படையாகவே கைகழுவிவிடுகிறார். அட்டையில் அவர் தலையில் முள்முடி, இடுப்பில் துப்பாக்கி, கையில் மகள். கட்டிலில் கைக்குழந்தையோடு துணைவி. 'முடியை நீங்கள் வைத்தீர்கள், துப்பாக்கியை நான் வைத்துக்கொண்டேன், பிள்ளைகள் நடுவில் இருக்கிறார்கள்' என்று அந்தப் படம் சொல்வதாகவே எனக்குப் பட்டது.

ஒருவரை நாம் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போய்க்கொண்டிருக்கிறோம். நடுவழியில் அவர், 'என்னை இறக்கிவிடுங்கள், எனக்கு உடம்பு சரியில்லை' என்கிறார். பாதிப் பேர் பதறி இறக்கிவிடுவார்கள். மீதிப் பேருக்குக் கோபம்தான் வரும், ஏனென்றால் இவ்வளவு தூரம் சுமந்த தோள் அவர்களுடையது. அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன்.

பட்டறைக்குத் திரும்புவோம். ஐந்து பேரில் ஒருவன் தைப்பூசத்துக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் உறுமி அடிப்பவன். முதல் பாட்டில் பியானோ போய்க்கொண்டிருக்கும்போதே திடீரென்று பறை அதிர்வதுபோல் டிரம்ஸ் வேகமெடுக்கும். அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இரண்டு கைகளும் முழங்காலில் தாளம் போட ஆரம்பித்தன. ஆள் ஏறிவிட்டான் என்று நினைத்த இடத்தில் டிரம்ஸ் நின்றது. மறுபடி வந்தது, மறுபடி நின்றது. "அண்ணே, ஏற்றிவிட்டு நடுவிலேயே இறக்கிவிடுகிறாரே, இது என்ன நியாயம்?" என்று என்னிடம் கேட்டான். அதைவிடச் சிறந்த விமர்சனத்தை அந்த ஆல்பத்தைப் பற்றி நான் வேறெங்கும் படிக்கவில்லை. அருள் வரப்போகிறவர் முன்னால் உறுமியை நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். கென்ட்ரிக் அதை வேண்டுமென்றே செய்கிறார் என்பதும் அவனுக்குப் புரிந்தது. புரிந்ததனால்தான் பிடிக்கவில்லை.

ஆனால் அவனைத் தவிர வேறு யாரும் கவனிக்காத ஒன்றையும் அவனே பிடித்தான். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் யாரோ பலகைமேல் கட்டைச் செருப்போடு நடப்பதுபோல் டக்டக்கென்று ஓர் ஓசை வருகிறது என்றான். அது டேப் டான்ஸ், காலணியால் தரையைத் தட்டித் தாளம் எழுப்பும் ஆட்டம். ஆல்பத்தின் பெயரான 'மிஸ்டர் மொரால் அண்ட் தி பிக் ஸ்டெப்பர்ஸ்' என்பதில் வரும் 'ஸ்டெப்பர்ஸ்' அந்தக் காலடிகளையும் குறிக்கிறது. அமெரிக்கப் பேச்சில், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் சுற்றிச் சுற்றி வருகிறவனை டேப் டான்ஸ் ஆடுகிறான் என்பார்கள். ஆல்பத்தின் நடுவில் ஒரு பெண்குரல், பேச்சைச் சுற்றிக் கால் ஆடுவதை நிறுத்து என்று கண்டிக்கிறது. நழுவி நழுவிப் போகும் ஒருவனுடைய காலடிகளைத்தான் நாம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் கண்டிப்பு வருவது 'வீ க்ரை டுகெதர்' பாட்டின் முடிவில். பாட்டு என்பதா, நாடகம் என்பதா? கணவன் மனைவிபோல் ஓர் ஆணும் பெண்ணும் ஐந்தரை நிமிடத்துக்கு மேல் கெட்ட வார்த்தைகளால் ஒருவரையொருவர் குதறிக்கொள்கிறார்கள். நடிகை டெய்லர் பேஜ் அந்தப் பெண்ணாகப் பேசியிருக்கிறார். அது பட்டறையில் ஓடிக்கொண்டிருந்தபோது பின்வீட்டுச் சன்னல் திறந்தது. ரப்பர்த் தோட்டத்தில் முப்பது ஆண்டு பால்மரம் வெட்டிவிட்டுத் தாமானுக்குக் குடிவந்த அக்கா ஒருவர் எட்டிப் பார்த்தார். ஒரு சொல்கூட அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் குரல்களைக் கேட்டதும், "யார் வீட்டில்டா சண்டை? அந்தப் பெண் பிள்ளையை அடித்துவிடப் போகிறான், ஓடிப் போய்ப் பாருங்கள்" என்று பதறினார். ரேடியோதான் என்று சொன்ன பிறகும் சன்னலைச் சாத்தாமல் கடைசிவரை நின்றார். அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரிசை வீடுகளில் ஒரு சுவருக்கு அப்பால் இதைக் கேட்டுக்கொண்டு வளர்ந்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும். பாட்டு முடிந்ததும் பையன்களில் இருவர் எழுந்து போய்விட்டார்கள். ஒருவன், "இதைக் கேட்கத்தானா காசு கொடுத்துச் சந்தா கட்டுகிறேன்? வீட்டிலேயே கேட்டாயிற்று" என்றான். அவன் மறுபடி அந்த ஆல்பத்தைத் தொடவே இல்லை. அவன் சொன்னதில் என்ன தவறு?

கொண்டாட்டத்தை எதிர்பார்ப்பவர்கள் பக்கம் வரலாறும் இருக்கிறது. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், பள்ளி திறக்கும் நேரத்தில் தன் தங்கை ஏற்பாடு செய்த விருந்துக்கு கூல் ஹெர்க் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். ஹிப் ஹாப்பின் பிறந்தநாளாக அதைத்தான் கொண்டாடுகிறார்கள். பாட்டில் ஆட்டம் சூடுபிடிக்கும் டிரம்ஸ் துண்டை மட்டும் பிடித்து, இரண்டு இசைத்தட்டுகளை மாற்றி மாற்றி ஓட்டி, அதை நீட்டிக்கொண்டே போவதுதான் அவருடைய உத்தி. ஆட வந்தவனை இறக்கிவிடாமல் வைத்திருப்பதற்காகப் பிறந்த கலை இது. ஒன்பது ஆண்டு கழித்து, 1982இல், 'தி மெசேஜ்' வந்து சேரி வாழ்க்கையின் நெருக்கடியைப் பேசியது. அதை வெளியிட்ட கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் குழுவினரே முதலில் அந்தப் பாட்டுக்குத் தயங்கினார்கள். ஆட வருகிறவனுக்கு எதற்கு இந்தக் கவலை என்பது அவர்கள் எண்ணம். ஆக, உங்கள் பட்டறையில் நடக்கும் சண்டைக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது.

நம் ஊரிலும் அது புதிதில்லை. 1998இல் மலேசிய ராப் குழுவான பொயட்டிக் அம்மோ முதல் ஆல்பம் வெளியிட்டபோது, ஆங்கிலம், மலாய், தமிழ், கந்தோனீஸ் என்று பாடியிருந்தார்கள். தமிழ்ப் பிள்ளைகள் ஏன் மற்ற மொழிகளில் பாடுகிறார்கள் என்று என் கடையிலேயே ஒருவர் கேட்டார். 2006இல் யோகி பி குழுவினரின் 'வல்லவன்' வந்தது, அதில் 'மடை திறந்து'. 1980இல் வெளிவந்த 'நிழல்கள்' படத்துக்காக இளையராஜா இசையமைத்த பாட்டின் மேல் ராப். கடை வாசல் ஒலிபெருக்கியில் அதைப் போட்டிருந்தேன். ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்) ஒருவர் வெள்ளை வேட்டியோடு உள்ளே வந்து, "யாரப்பா இந்தப் பாட்டைக் கெடுத்து வைத்திருப்பது?" என்றார். உண்மையான வருத்தம், கண் கலங்கியிருந்தது. அந்த மெட்டோடு அவருக்கு என்ன நினைவு ஒட்டியிருந்ததோ, நான் கேட்கவில்லை. அவரோடு வந்த பேரன் அதே பாட்டுக்காக அந்தக் குறுந்தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஒரே பாட்டு, ஒரே வீடு. தாத்தா பழைய பாட்டின் கேசட்டை வாங்கினார், பேரன் புதியதை வாங்கினான், இரண்டுக்கும் தாத்தாவே காசு கொடுத்தார். ஒரு பாட்டு நம் கையில் வருவதற்கு முன்பே நாம் அதற்குள் எதையோ வைத்துவிடுகிறோம் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

இனி, அந்த ஆல்பத்தை ஏன் இவ்வளவு மதிக்கிறேன் என்பதைச் சொல்கிறேன். அதற்கு என் பாட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

என் பாட்டி தோட்டத்தில் ஒப்பாரி பாடுகிறவர். சாவு விழுந்தால் முதலில் அவருக்குத்தான் ஆள் வரும். காலையில் வேலைக்கு ஆள் சேர்க்கும் பெரட்டுக்குப் போகாமல் வெள்ளைச் சேலையை உதறிக் கட்டிக்கொண்டு போவார். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளில் தோள் சேர்த்துக்கொள்வார்கள். வெளியே பறை அடித்துக்கொண்டிருக்கும், பையன்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள். உள்ளே பாட்டு வேறு. செத்தவரைப் புகழ்வது மட்டும்தான் ஒப்பாரி என்று நினைப்பவர்கள் அதைக் கேட்டதில்லை. உயிரோடு இருந்தவரை யாரும் வாய் திறக்காத விஷயங்கள் அன்றைக்கு மட்டும் பாட்டாக வெளியே வரும். சம்சு குடித்துக் குடித்தே செத்த ஒருவருடைய மனைவி, தன்னை அடித்த அந்தக் கையையும், வெள்ளம் வந்த ஆண்டு பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் கரை சேர்த்த அதே கையையும் ஒரே மூச்சில் பாடியதை நான் பத்து வயதில் கேட்டிருக்கிறேன். மகன்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். யாரும் அவரை நிறுத்தச் சொல்லவில்லை. மறுநாள் யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. அந்த ஒரு நாளுக்கு மட்டும் உண்மை சொல்ல உரிமை உண்டு.

கென்ட்ரிக்கின் ஆல்பத்தில் முதல் பாட்டின் பெயர் 'யுனைடெட் இன் கிரீஃப்'. துக்கத்தில் ஒன்றானோம் என்று பொருள். பெயரைப் பார்த்தபோதே எனக்குப் பாட்டியின் தோள் நினைவுக்கு வந்தது. இந்த ஆல்பம் வீட்டுக்கு உள்ளே பாடும் பாட்டு. அதை வெளியே அடிக்கும் பறையாக நினைத்துக் கேட்டால் ஏமாற்றம்தான். டிரம்ஸ் எழுந்து எழுந்து அடங்குவதும் அதனால்தான்: வெளியே பறை கேட்கிறது, நாம் உள்ளே இருக்கிறோம்.

'ஃபாதர் டைம்' பாட்டில் தன் தந்தையைப் பற்றிச் சொல்கிறார். அழுதால் தேற்றாத தந்தை, வலிக்கிறது என்றால் நம்பாத தந்தை, தன் தாய் செத்த சில நாள்களிலேயே வேலைக்குத் திரும்பிய தந்தை. பட்டறைக்காரத் தம்பி அந்தப் பாட்டின்போது ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சாலைப் பக்கம் போய் நின்றான். அவனுடைய அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். ஐந்து ஆள் உயரக் கம்பியின் நுனியில் அரிவாளைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து அண்ணாந்து கழுத்தே பின்னால் சாய்ந்துபோன மனிதர். மனைவியை அடக்கம் செய்த மறுவாரமே பெரட்டில் நின்றவர். அவன் கோபமாகத் திரும்பி வருவான் என்று நினைத்தேன். வந்து, "இன்னொரு முறை போடு" என்றான். அவனுக்கு இன்றுவரை அந்த ஆல்பத்தின் மற்றப் பாட்டுகள் பாதி தெரியாது. ஆனால் யாராவது அதைக் குறை சொன்னால் முதலில் சண்டைக்கு நிற்பவன் அவன்தான். ஒரே ஒரு பாட்டுக்காக ஒருவன் முழு ஆல்பத்துக்கும் காவல் நிற்பது எனக்கு விளங்குகிறது.

இரண்டாம் பக்கத்தில் 'மதர் ஐ சோபர்' என்று ஒரு பாட்டு. போர்டிஸ்ஹெட் குழுவின் பெத் கிப்பன்ஸ் மெல்லிய குரலில் கூடவே வருகிறார். தாய் பட்ட காயம், சிறுவயதில் அதைத் தடுக்க முடியாமல் நின்ற பிள்ளையின் குற்ற உணர்வு, 'உன்னை யாராவது தொட்டார்களா' என்று திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது, அடிமைக் காலத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்த வன்முறை. கடைசியில் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி அவர்களை விடுவிக்கிறார். பாட்டி கேட்டிருந்தால், இது நம் பாட்டு என்றிருப்பார். ஹிப் ஹாப்பில் இதற்கு இணையாக நான் கேட்டது மிகக் குறைவு.

இப்போது எதிர்ப்பக்கத்தின் கனமான வாதத்துக்கு வருகிறேன். இது தாளத்தைப் பற்றியது அன்று.

ஆல்பத்தில் கோடாக் பிளாக் என்ற ராப் பாடகர் பேசவும் செய்கிறார், பாடவும் செய்கிறார். ஒரு பள்ளி மாணவியிடம் பாலியல் வன்கொடுமை செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, 2021இல் அதைவிடக் குறைந்த தாக்குதல் குற்றத்தை ஒப்புக்கொண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் விடப்பட்டவர் அவர். பட்டறைக்காரத் தம்பியின் தங்கை தாதியர் பயிற்சியில் இருக்கிறாள். அன்று இரவு பாட்டு வரிகளைக் கைப்பேசியில் ஒன்றுவிடாமல் படித்துக்கொண்டே கேட்டது அவள் ஒருத்திதான். "அண்ணே, தன் அம்மாவுக்கு நடந்த கொடுமையை இவ்வளவு அழுது பாடுகிறவர், அதே வீட்டுக்குள் இந்த ஆளை எப்படி உட்கார வைத்தார்?" என்றாள். அவள் கேட்டபின் பட்டறையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

ஆல்பத்தைத் தாங்கிப் பேசுகிறவர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: காயம்பட்டவன்தான் காயப்படுத்துகிறான், அந்தச் சங்கிலியைக் காட்டவே அவரை அழைத்திருக்கிறார் என்று. யோசித்துப் பார்த்தேன், ஓரளவுக்கு அது ஆல்பத்தின் போக்கோடு பொருந்தவும் செய்கிறது. ஆனால் ஒப்பாரி வட்டத்தில் அடித்தவனுக்கு இடம் கிடையாது. அவன் வெளியே தலைகுனிந்து நிற்க வேண்டும், பாட்டு அவனைப் பற்றியது. கென்ட்ரிக் அவரை வட்டத்துக்குள்ளே, தோளோடு தோளாக உட்கார வைத்துவிட்டார். இந்த இடத்தில் நான் அந்தத் தங்கையின் பக்கம்தான்.

'ஆண்டி டைரீஸ்' பாட்டின் சிக்கல் வேறு விதமானது. பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழும் உறவினரையும், ஆணாகப் பிறந்து பெண்ணாக மாறிய உறவினரையும் பற்றிப் பாசத்தோடு சொல்கிறார். சிறுவயதில் அவர்களைக் கேலிசெய்யத் தான் பயன்படுத்திய இழிசொல்லை அப்படியே பலமுறை சொல்கிறார், அவர்கள் விட்டுவிட்ட பழைய பெயரையும் சொல்கிறார். தேவாலயத்தில் போதகர் அந்த உறவினரைக் கண்டித்தபோது எழுந்து நின்று எதிர்த்ததையும் சொல்கிறார். திருநங்கையரிலேயே சிலர் இதைக் கேட்டு நெகிழ்ந்தார்கள், சிலர் அந்தச் சொல்லை மறுபடி காதில் ஏற்ற வேண்டியிருந்ததே என்று நொந்தார்கள். தன் தப்பைச் சொல்லும்போது தப்பை அப்படியே செய்துகாட்ட வேண்டுமா என்பது நல்ல கேள்வி. என் கருத்து, இந்தப் பாட்டில் அவர் கற்றுக்கொள்வது நம் கண்முன்னே நடக்கிறது, அதற்கு அந்தச் சொல் வேண்டியிருந்தது. ஆனால் அந்தச் சொல்லால் அடிபட்டவன் நான் இல்லை. ஆகவே என் கருத்துக்கு அவ்வளவுதான் எடை.

'புரியாதவர்களுக்குத்தான் பிடிக்கவில்லை' என்று உங்கள் நண்பர்களில் யாராவது சொன்னால் அதை ஏற்காதீர்கள். தமிழ்ப்பள்ளி முடித்து மலாய் மொழி இடைநிலைப்பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு அமெரிக்கக் கறுப்பின ஆங்கிலம் மூன்றாம் மொழிக்கும் அப்பால். நாங்கள் கேசட் உறையிலிருந்த வரிகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, அகராதியோடு உட்கார்ந்து எழுதிக்கொண்ட காலம் உண்டு. ஆனால் அன்று இரவு நான் பார்த்தது இது: எல்லாச் சொல்லும் புரிந்த தங்கைக்கு மனம் ஒப்பவில்லை. கால்வாசிகூடப் புரியாத அவள் அண்ணன், குரலின் நடுக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு உருகிப்போனான். சன்னலில் நின்ற அக்காவுக்கு மொழியே வேண்டியிருக்கவில்லை.

ஆல்பத்தின் குறைகளையும் மறைக்க விரும்பவில்லை. முதல் பக்கம் கட்டுக்கோப்பாக இல்லை. இடையிடையே வரும் ஆன்மிக எழுத்தாளர் எக்கார்ட் டோலேயின் பேச்சு, பாட்டே சொல்லிவிட்டதைத் திரும்பச் சொல்கிறது. 'கிரவுன்' பாட்டில் பியானோவோடு ஒரே வரி சுற்றிச் சுற்றி வருவது எல்லோருக்கும் ஒத்துவராது. எனக்கும் மூன்றாம் முறைக்குப் பிறகுதான் ஒத்துவந்தது. 2023இல் சிறந்த ராப் ஆல்பத்துக்கான கிராமி விருது இதற்குக் கிடைத்தது என்பதை வாதத்தில் இழுக்காதீர்கள், பட்டறையில் யாருடைய மனமும் விருதால் மாறியதில்லை.

நீங்கள் பாதியில் நிறுத்தியதற்கும் காரணம் இருக்கிறது. 'நாட் லைக் அஸ்' ஊரே சேர்ந்து கத்தும் பாட்டு, எதிரியைச் சந்தியில் நிறுத்தும் பாட்டு. நம் ஊரில் கல்யாண விருந்து மண்டபத்தில்கூடப் போட்டார்கள். அந்த வாசல் வழியாக இந்த வீட்டுக்குள் வந்தால் விளக்கில்லாத அறையில் ஒருவர் தன்னையே சந்தியில் நிறுத்திக்கொண்டிருப்பார். உங்களுக்குத் திகைப்பு வந்ததில் வியப்பில்லை.

மறுபடி கேட்க மனமிருந்தால் காரில் கேட்காதீர்கள். கார் ஒலிபெருக்கி டிரம்ஸைத்தான் தூக்கிக் கொடுக்கும், இந்த ஆல்பத்தில் மூச்சு விடுவதும் தொண்டை அடைப்பதும் முக்கியம். ராத்திரி வேலையெல்லாம் முடிந்தபின் காதில் மாட்டிக்கொண்டு, இரண்டாம் பக்கத்தை முதலில் கேளுங்கள். 'கவுண்ட் மீ அவுட்' பாட்டில் தொடங்கி 'மிரர்' வரை. அது பிடித்தால் முதல் பக்கத்துக்கு வாருங்கள். பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள், ஒன்றும் குறைந்துபோகாது.

அடுத்த முறை பட்டறையில் சண்டை வந்தால், ஆல்பம் நல்லதா கெட்டதா என்று கேட்காமல், ஒவ்வொருவரிடமும் எந்தப் பாட்டில் நிறுத்தினாய் என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டேன். உறுமிக்காரன், முதல் பாட்டிலேயே மனம் விலகிவிட்டது என்றான். எழுந்து போன இருவரும் அந்தச் சண்டைப் பாட்டில். தங்கை நிறுத்தவே இல்லை, முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் வேண்டாம் என்றாள். அவள் அண்ணன் 'ஃபாதர் டைம்' தாண்டி நெடுநாள் போகவில்லை. போன தீபாவளிக்கு அவனுடைய அப்பா பட்டறைக்கு வந்திருந்தார். அன்று அவன் காரில் அந்தப் பாட்டைப் போட்டான். என்ன பாட்டு என்று அவர் கேட்டார். "ஒருவர் அவருடைய அப்பாவைப் பற்றிப் பாடுகிறார்" என்றான். "நல்லபடியாகப் பாடுகிறாரா?" என்று கேட்டார் பெரியவர். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உள்ளதைப் பாடுகிறார்" என்றான். அவர் முழுப் பாட்டையும் நின்று கேட்டுவிட்டுத்தான் போனார்.